ஊசிக்குக் கேட்காத கண்கள்

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். காலையில் மருந்து கொடுக்கும் ஜன்னலைத் திறந்ததிலிருந்து மதியம் வரை என் கையில் அதிகம் புழங்குவது மெட்ஃபார்மின் அட்டைதான். சர்க்கரை நோயைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கு இருக்கும் உரிமை அது. அதைவிடப் பெரிய காரணம் என் அம்மா.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அப்பா கல்லைக் கடித்தார். மறுநாளும் கடித்தார். முறத்தில் அரிசியைப் போட்டு நாலு தட்டுத் தட்டினாலே கல் எது, குருணை எது என்று பிரித்துவிடுகிறவர் அம்மா. அவர் கை பட்ட அரிசியில் கல் கிடந்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. வயதாகிறது என்று விட்டுவிட்டோம். அதே வாரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "பாப்பா, இந்த ஜன்னல் கம்பிய யாரு வளைச்சது?" என்று கேட்டார். கம்பி நேராகத்தான் இருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னேன். "நடுவுல புகை மாதிரி நிக்குது. சுத்தி உள்ளதெல்லாம் நெளிஞ்சு தெரியுது" என்றார்.

சர்க்கரையால் விழித்திரையின் நடுவே, மாகுலாவில், நீர் கோத்திருந்தது. எழுத்து, முகம், அரிசியில் கிடக்கும் கல் எல்லாவற்றையும் கூர்ந்து பார்ப்பது அந்தச் சின்ன இடம்தான். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் படத்தைக் கணினியில் காட்டி டாக்டர் விளக்கினார். சாம்பல் நிற வரிகள் அடுக்கடுக்காகப் போகின்றன. நடுவில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாக உப்பி, உள்ளே கறுப்புக் குமிழ்கள். 250 மைக்ரானை ஒட்டி இருக்க வேண்டிய தடிமன் அம்மாவுக்கு 486.

அப்புறம் ஊசி. எந்தக் கண் என்று மாறிப்போகாமல் இருக்க நெற்றியில் மார்க்கரால் ஒரு குறி. பழுப்பு நிற அயோடின் சொட்டு, அதன் எரிச்சல். இமை மூடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கண்ணுக்குள் போகும் மருந்து 0.05 மில்லி, ஒரு சொட்டு அளவு. மாதம் ஒன்று. ஐந்தாவது ஊசி முடிந்து எடுத்த படத்தில் 471. ஏழாவது முடிந்து 460. சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் ஒரு வரிகூடக் கீழே இறங்க அம்மாவால் முடியவில்லை.

"ஊசிக்குக் கேட்கல" என்றார் டாக்டர். நல்ல மனிதர், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்த ஆலோசகர், "சுகர கண்ட்ரோல்ல வைங்கம்மா, அப்பதான் ஊசி வேலை செய்யும்" என்றார். அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை அளவு அப்போது 7.1. ரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்தது. வீட்டுக்கு வந்த அம்மா, மாலையில் குடிக்கும் ஒரே ஒரு டீயையும் நிறுத்திவிட்டார். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம், அதனால்தான் கண் தெளியவில்லை என்று நம்பிவிட்டார். என் ஜன்னலுக்கு வந்த எத்தனையோ பேரிடம் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கண்ணுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊசி கேட்காததற்கெல்லாம் அதுவே காரணம் என்று சொல்லி ஒரு மனுஷியைக் குற்றவாளி ஆக்குவது நியாயம் இல்லை. அந்தக் கண்ணுக்குள் வேறு என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவே இல்லை.

அதைப் பார்க்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

நாம் இப்போது பெரும்பாலும் போடும் ஊசிகள் முக்கியமாக ஒரே ஒரு பொருளைத்தான் குறிவைக்கின்றன. வி.இ.ஜி.எஃப் என்ற புரதம் அது. 1983-ல் ஹெரால்ட் ட்வோராக்கின் ஆய்வகம் அதை முதலில் அடையாளம் கண்டபோது, ரத்தக் குழாயைக் கசிய வைக்கும் பொருள் என்றே பெயர் வைத்தார்கள். ஆக்ஸிஜன் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை அதை அதிகமாகச் சுரக்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்கிறது, நீர் கசிகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப், அதுதான் எல்லாரும் அவாஸ்டின் என்று சொல்வது, அடுத்த வருடமே கண்ணுக்குள் போடப்பட்டது. பிறகு ராணிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் வந்தன. அதற்கு முன்னால் லேசர்தான். லேசரால் இருக்கும் பார்வை மேலும் போகாமல் காக்க முடிந்தது, போன பார்வையைத் திருப்பித் தருவது அரிதாகவே நடந்தது. ஊசி அதைத் தந்தது. லட்சக்கணக்கானவர்கள் இன்று பேப்பர் படிப்பது இந்த ஊசியால்தான். அதன் அருமை தெரியாமல் நான் இதை எழுதவில்லை.

ஆனால் எல்லாருக்கும் தரவில்லை. அமெரிக்காவின் நீரிழிவு விழித்திரை ஆய்வு வலையமைப்பு இந்த மூன்று மருந்துகளையும் 660 பேரிடம் ஒப்பிட்டு 2015-ல் முடிவை வெளியிட்டது. அதே ஆய்வின் தரவுகளைப் பிறகு அலசியபோது, 24 வாரம் கழித்தும் வீக்கம் வற்றாமல் நின்றவர்கள் அஃப்லிபர்செப்ட் போட்டவர்களில் 31.6 சதவீதம், ராணிபிசுமாபில் 41.5 சதவீதம், அவாஸ்டினில் 65.6 சதவீதம். அவர்களில் பலருக்கு, விடாமல் போட்டதில் இரண்டு வருடத்துக்குள் பார்வை தேறவும் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று ஊசியோடு மனம் விட்டுப் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். ஆனாலும் நம் ஊரில் ஏழைக்குக் கிடைப்பது அவாஸ்டின். அந்த 65.6 எங்கள் எண்.

2022-ல் அதே வலையமைப்பு இன்னோர் ஆய்வை வெளியிட்டது. 312 கண்கள். பாதிக்கு முதலிலிருந்தே விலை கூடிய அஃப்லிபர்செப்ட். மீதிப் பாதிக்கு முதலில் அவாஸ்டின், கேட்கவில்லை என்றால் அஃப்லிபர்செப்டுக்கு மாற்றம். இரண்டு வருட முடிவில் இரு தரப்பின் பார்வையும் ஏறத்தாழ ஒன்றுதான். இதைக் காட்டி, மலிவு மருந்தே போதும் என்று நம் நாட்டில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். அவாஸ்டினில் தொடங்கிய கண்களில் 70 சதவீதம் பின்னால் மாற்றப்பட்டன. 12-வது வாரத்திலிருந்து, எந்த நிலை வந்தால் மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்திருந்தார்கள். மலிவில் தொடங்கலாம் என்பதற்கு அந்த ஆய்வு சாட்சி சொல்கிறது. மாறும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதற்கும் அதுவே சாட்சி.

என் அம்மாவுக்கு மாற்றம் வந்தது பத்தாவது மாதத்தில். அவர் கையிலிருந்த வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போன பிறகு. விலை கூடிய ஊசி மூன்று போட்டதில் 405. அதன் பிறகு டாக்டர் ஸ்டீராய்டு வைத்தார். டெக்ஸாமெத்தசோன், கண்ணுக்குள் வைத்தால் சில மாதங்களில் மெல்லக் கரைந்து போகும் சின்னக் குச்சி. ஆறு வாரத்தில் 310. ஏழு ஊசியும் மூன்று ஊசியும் செய்யாததை அது செய்தது. கண் அழுத்தம் 27-க்கு ஏறியதால் இப்போது தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து. ஆனால் அந்த 310-ஐப் பார்த்த அன்று எனக்கு சந்தோஷத்தை விடக் கோபம்தான் வந்தது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்து. அப்படியென்றால் இவ்வளவு நாளும் அம்மாவின் கண்ணில் நீரைக் கோக்க வைத்ததில் அழற்சிக்குப் பெரும் பங்கு இருந்திருக்கலாம். அது தெரியாமல், ஒரு வருடத்துக்கும் மேலாக, வேறொரு கதவையே தட்டிக்கொண்டிருந்தோம். நீர் வற்றியது, பார்வை முழுசாகத் திரும்பவில்லை. ரொம்ப நாள் நீரில் ஊறிய ஒளி உணரும் செல்கள் நலிந்துவிட்டன என்றார்கள்.

கண் மருத்துவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. கண்ணின் முன்பகுதியில் இருக்கும் தெளிந்த நீரைத் துளி எடுத்துச் சோதித்தவர்கள் பல வருடங்களாகவே எழுதி வருகிறார்கள். நாள்பட்ட வீக்கத்தில் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, எம்.சி.பி-1 போன்ற அழற்சிப் பொருட்கள் கூடியிருக்கின்றன. 2011-ல் வந்த ஓர் ஆய்வு அவாஸ்டினையும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டையும் ஒப்பிட்டது. வி.இ.ஜி.எஃப்பை அதிகம் இறக்கியது அவாஸ்டின். இன்டர்லூகின்-6, எம்.சி.பி-1 போன்றவற்றை இறக்கியது ஸ்டீராய்டு மட்டும். கசிவுக்குப் பல ஊற்றுகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் அடைத்தால் எப்படி?

உலகம் மற்ற ஊற்றுகளைத் தேடத் தொடங்கிவிட்டது. ஆன்ஜியோபொயடின்-2 என்ற புரதம் அதில் முக்கியமானது. ரத்தக் குழாயின் சுவரை அமைதியாக வைத்திருப்பது டை-2 என்ற ஏற்பி. ஆன்ஜியோபொயடின்-2 கூடும்போது அந்த அமைதி குலைகிறது. இதையும் வி.இ.ஜி.எஃப்பையும் ஒன்றாகப் பிடிக்கும் ஃபரிசிமாப் என்ற ஊசி 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் இரண்டு பெரிய ஆய்வுகளிலும் சேர்த்து 1,891 பேர். அஃப்லிபர்செப்டுக்குப் பார்வையில் அது குறைந்ததில்லை என்று நிரூபித்தார்கள். பலருக்கு ஊசி இடைவெளியை நான்கு மாதம் வரை நீட்ட முடிந்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகள் கேட்காத கண்களுக்காக நடத்தப்பட்டவை அல்ல. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஊசியே போடாதவர்கள். ஊசிக்குக் கேட்காத என் அம்மாவுக்கு அது பலிக்குமா என்ற கேள்விக்கு அங்கே விடை தேட முடியாது.

தோற்றவையும் உண்டு, அவற்றிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஆன்ஜியோபொயடின்-2-ஐ மட்டும் பிடிக்கும் நெஸ்வாகுமாபை அஃப்லிபர்செப்டோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை என்று 2017-ல் தெரிந்தது. பிளாஸ்மா காலிக்ரெயின் என்று ஒரு நொதி இருக்கிறது. பிராடிகைனின் என்ற பொருளின் வழியாக, வி.இ.ஜி.எஃப்பின் துணை இல்லாமலே ரத்தக் குழாயைக் கசிய வைக்கும். அதைத் தடுக்கும் மருந்தை, ஏற்கனவே ஊசி போட்டும் வீக்கம் வற்றாதவர்களிடமே சோதித்தார்கள். 2019-ல் அதுவும் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. என் சிற்றறிவுக்குப் படுவது இதுதான்: கேட்காத கண்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒருவருக்குக் காலிக்ரெயின், இன்னொருவருக்கு இன்டர்லூகின்-6, மற்றொருவருக்கு இரண்டும் என்றால், எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து ஒரே மருந்தைப் பரிமாறினால் சராசரியில் பலன் காணாமல்தான் போகும். இப்போது இன்டர்லூகின்-6-ஐப் பிடிக்கும் மருந்து சோதனைக்கு வந்திருக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரின் பிணைப்பையே மறுபடி இறுக்கப் பார்க்கும், வின்ட் என்ற சமிக்ஞை வழியைத் தூண்டும் மருந்தும் வந்திருக்கிறது. யாருக்கு எது என்று தெரியாவிட்டால் இவற்றுக்கும் அதே கதி நேரலாம் என்று பயப்படுகிறேன்.

ஐயா, 2023-ல் வெளிவந்த உங்கள் இண்டியாப் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் 1,13,043 பேரைச் சோதித்தீர்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அதன் பிறகுதான் உறுதியாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். எங்கள் நிலையத்தின் சுவரில் அந்த எண்ணை நான்தான் எழுதி ஒட்டினேன். அதற்கு முந்தைய வருடம் வந்த ஸ்மார்ட் இந்தியா ஆய்வு, 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு, 4 சதவீதம் பேருக்குப் பார்வையையே பறிக்கக்கூடிய கட்டம் என்று சொன்னது. இவ்வளவு தூரம் எண்ணியிருக்கிறீர்கள். இன்னும் ஒரு படி இறங்கி எண்ணுங்கள். ஊசி போட்டவர்கள் எத்தனை பேர், எத்தனையாவது ஊசியில் யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவே இல்லை. என் அம்மாவின் 486-ம் 471-ம் 460-ம் ஒரு ஃபைலுக்குள் கிடக்கின்றன, எந்த ஆராய்ச்சியாளரின் கண்ணிலும் படாமல். அரசு, அறக்கட்டளை, தனியார் என்று எல்லா விழித்திரை மருத்துவமனைகளுக்கும் பொதுவாக ஒரு பதிவேட்டை நீங்கள் தொடங்கினால் அந்த எண்களுக்குப் பயன் வரும். 'கேட்கவில்லை' என்பதற்கே ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எத்தனை ஊசி, எத்தனை மைக்ரான், எத்தனை எழுத்து என்று ஒரு வரையறையைக் கவுன்சில்தான் எழுதித் தர முடியும்.

அந்தப் பதிவேட்டோடு சேர்த்து ஒரு துளி நீரும் வேண்டும். ஊசி போடும்போது கண்ணின் முன்பகுதியிலிருந்து 0.1 மில்லிக்கும் குறைவாக நீரை எடுக்க விழித்திரை மருத்துவர்களுக்குத் தெரியும். ஆபத்தே இல்லாத வேலை அல்ல, அதனால் நோயாளியின் சம்மதம் முழு விளக்கத்தோடு, அவர் மொழியில் பெறப்பட வேண்டும். முதல் ஊசியன்று ஒரு துளி, கேட்கவில்லை என்று தெரியும் அன்று இன்னொரு துளி. அதை உறைநிலையில் காத்துச் சோதிக்க மதுரையிலும் சென்னையிலும் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் கண் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கக் கூகுள் ஒரு கணினிக்குச் சொல்லிக் கொடுத்து 2016-ல் உலகுக்குக் காட்டியதே, அதற்குப் பாடமான படங்களில் ஒரு பகுதி மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து போனது. நம் கண்கள் உலகத்துக்குப் பாடம் சொல்லும்போது நமக்கே சொல்லாதா? எந்தக் கண்ணில் எது ஓங்கியிருக்கிறது என்று நம் மக்களிடம் பார்த்துவிட்டால், புது மருந்து வரும்போது அதை யாருக்குக் கொடுத்துச் சோதிப்பது என்று தெரிந்துவிடும். ஸ்டீராய்டால் கண்புரை வரும் என்ற பயம் இல்லாத, கண்புரை அறுவை முடித்தவருக்கு அதை எவ்வளவு சீக்கிரம் வைக்கலாம் என்பதற்கும் வழி பிறக்கும்.

மருந்துக் கடை அலமாரியில் பல வருடமாக இருக்கும் ஒரு மாத்திரையைப் பற்றியும் கேட்க வேண்டும். ஃபீனோஃபைப்ரேட். ட்ரைகிளிசரைடு கொழுப்புக்குக் கொடுப்பது. 9,795 பேரைக் கொண்ட ஃபீல்ட் ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கண்ணில் லேசர் தேவைப்படுவது 31 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் எழுதினார்கள். 2010-ல் அக்கார்ட் ஆய்வின் கண் பிரிவு அதையே வேறு விதமாக உறுதி செய்தது. 2024-ல் ஸ்காட்லாந்தின் லென்ஸ் ஆய்வு, 1,151 பேரிடம், விழித்திரை நோய் முற்றுவது 27 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. ஏற்கனவே நீர் கோத்து, ஊசிக்கும் கேட்காத கண்ணை இது தேற்றும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டிய மாத்திரையும்கூட. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க இதைவிட மலிவான வழி என் அலமாரியில் வேறு இல்லை. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் ஊர்த் தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யார் வீடு எந்தச் சந்து, யார் மாத்திரையைச் சாப்பிடாமல் டப்பாவில் போட்டு வைக்கிறார் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். இந்த மாத்திரையை நம் மக்களிடம் முறையாகச் சோதிக்க இவ்வளவு தோதான ஏற்பாடு வேறு எங்கே கிடைக்கும்? காப்புரிமை முடிந்த மாத்திரைக்கு எந்தக் கம்பெனியும் காசு செலவழித்து ஆய்வு நடத்தாது. அதை நடத்த வேண்டியவர்கள் நீங்கள்தான்.

ஒரு மருந்தாளுநராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கண்ணை 'கேட்காதது' என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், அந்த நோயாளியின் மாத்திரைச் சீட்டை ஒரு முறை யாராவது படிக்க வேண்டும். சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன் மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும். மாகுலா வீக்கம் வரலாம் என்ற எச்சரிக்கை அதன் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இவையும் வீக்கத்தை வற்ற விடாது. விழித்திரையின் மேல் சவ்வு படர்ந்து இழுத்தால் எத்தனை ஊசி போட்டாலும் பயன் குறைவுதான், அதற்கு அறுவை வேண்டியிருக்கும். என் ஜன்னலில் பயோகிளிட்டசோன் வாங்கிப் போகும் ஒருவர், பக்கத்து ஊரில் கண் ஊசி போட்டுக்கொண்டிருப்பது போன மாதம்தான் எனக்கே தெரிந்தது. கண் டாக்டரின் சீட்டும் சர்க்கரை டாக்டரின் சீட்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நீங்கள் வரையறை எழுதும்போது இதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவின் வலது கண்ணிலும் இப்போது லேசாக நீர் கோத்திருக்கிறது. வரும் புதன்கிழமை அந்தக் கண்ணுக்கு முதல் ஊசி. இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நீர்த்துளி எடுப்பது பற்றி எழுதிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "வலிக்குமா பாப்பா?" என்று கேட்டார். சொட்டு போட்டு மரக்கடித்துவிட்டுத்தான் எடுப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எப்படியும் குத்தத்தான போறாங்க. ஒரு சொட்டுத்தான, எடுத்துக்கிறட்டும். எழுதிக் கேட்டா கையெழுத்துப் போடுறேன்னு அதுலயே எழுதிரு" என்றார்.

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர்,
விருதுநகர் மாவட்டம்.